வௌவால், நுளம்பு, நண்டு: உணர்வதை அளக்கலாம், நனவை எப்படிக் கேட்பது?

அலைநீளம் (இழையைத் தொடங்கியவர்)

உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கு விலங்குகளின் புலன்கள் பற்றிச் செயற்றிட்டம் கொடுத்தால், பெரும்பாலும் கண்ணையும் காதையும் வரைந்து பாகம் குறித்து முடித்துவிடுகிறார்கள். கொழும்பில் ஒரு மொட்டைமாடியில் நின்றே அளக்கக்கூடியவை எத்தனையோ இருக்கின்றன. இங்கே இரண்டு விடயம் கதைப்போம். ஓர் உயிர் எதை உணர்கிறது என்பதைக் கையிலுள்ள சாமானை வைத்து எப்படிச் சோதிப்பது? உணர்வதை அந்த உயிர் அனுபவிக்கிறதா, அதாவது அதற்கு நனவு உண்டா, என்ற கேள்வியை எந்த இடத்திலிருந்து கேட்கலாம்? முதலாவதற்கு விடை கிடைத்தவுடனேயே இரண்டாவதற்கும் கிடைத்துவிட்டதாக எண்ணுவதுதான் நான் அதிகம் காணும் பிழை.

வௌவாலில் தொடங்குகிறேன். பார்வை பறிக்கப்பட்ட வௌவாலும் தடைகளில் முட்டாமல் பறப்பதை 1790களில் இத்தாலியில் ஸ்பலன்சானி கண்டார். காதை அடைத்தால் முட்டியது. ஏன் என்பது 1938 வரை விளங்கவில்லை. அந்த ஆண்டில்தான் டொனால்ட் கிரிபின், மனிதக் காதுக்கு எட்டாத கழியொலியைப் பிடிக்கும் கருவியின் முன்னால் வௌவாலைக் கொண்டுபோய் வைத்தார்.

கணக்கு இது. இரவு வெப்பநிலை 29 பாகை செல்சியஸ் என்றால் ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர். ஒரு மீற்றர் தூரத்துப் பூச்சியில் பட்டுத் திரும்ப 5.7 மில்லி செக்கன் எடுக்கும். வௌவாலின் ஒரு கத்தல் 5 மில்லி செக்கன் நீளமானால், 87 சென்ரிமீற்றருக்குக் கிட்ட உள்ள பூச்சியின் எதிரொலி அந்தக் கத்தலோடேயே கலந்துவிடும். அதனால்தான் கிட்ட வரவரக் கத்தலைச் சுருக்கி எண்ணிக்கையைக் கூட்டுகிறது. பிடிப்பதற்குச் சற்று முன் செக்கனுக்கு 150ஐயும் தாண்டும். 45 கிலோ ஹேர்ட்ஸில் அலைநீளம் 7.8 மில்லிமீற்றர். அதைவிட மிகச் சிறிய பூச்சியின் எதிரொலி சட்டென்று மெலிந்துவிடும். வௌவாலின் உலகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை இப்படிக் கோடு போட்டுக் காட்டலாம். அந்தக் கோட்டுக்குள் இருப்பது எப்படி இருக்கும் என்பதைக் காட்டமுடியாது. 1974இல் மெய்யியலாளர் தோமஸ் நேகல் வௌவாலை எடுத்துக் கேட்டது இதைத்தான்.

முசுறு

சேர், இந்தச் செயற்றிட்டத்தில் பிள்ளைகள் முதலில் விழும் குழியைச் சொல்லிவிடுகிறேன். கருவியைத் தூக்கிக்கொண்டு விகாரமகாதேவிப் பூங்காவுக்குப் போவார்கள். அங்கே மரத்தில் தொங்குபவை பழந்தின்னி வௌவால்கள். அவை எதிரொலியால் வழி தேடுவதில்லை, கண்ணும் மூக்கும்தான். கருவி ஒரு சத்தமும் தராது, உடனே கருவி பழுது என்று முடிவுகட்டுவார்கள். தேவையானவை பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள். பெத்தகான ஈரநிலப் பூங்காவை ஒட்டிய வீதிகள், தியவன்னாக் கரை, நீர்நிலைக்குப் பக்கத்துத் தெருவிளக்கு இவையே இடம். சூரியன் மறைந்து 15 முதல் 30 நிமிடத்துக்குள் நிற்கவேண்டும்.

கருவியில் இரண்டு வகை. மீடிறனைக் கலந்து இறக்கித் தருவது மலிவு. அதை 45இல் வைத்தால், 47 கிலோ ஹேர்ட்ஸ் கத்தல் 2 கிலோ ஹேர்ட்ஸாகக் காதில் விழும். இங்குள்ள சின்ன வகைகளுக்கு 35 முதல் 55 வரை மெதுவாகத் திருகுங்கள். சில குதிரைலாட வௌவால்களுக்கு 70க்கு மேல். மற்றது போனில் செருகும் கழியொலி ஒலிவாங்கி, செக்கனுக்கு 256 அல்லது 384 ஆயிரம் மாதிரி எடுப்பது. போனின் சொந்த ஒலிவாங்கியை நம்பவேண்டாம். அது 48 ஆயிரம் மாதிரி எடுத்தால் 24 கிலோ ஹேர்ட்ஸுக்கு மேல் எதையும் காட்டாது. அதில் 'வௌவால் கிடைத்தது' என்று ஒரு செயலி சொன்னால் பெரும்பாலும் சில்வண்டுதான்.

தொடங்குமுன் சாவிக்கொத்தை ஒரு மீற்றர் தள்ளிக் குலுக்குங்கள். அதிலும் கழியொலி உண்டு. கருவி இரைந்தால் சரி. பிறகு பக்கத்து எல்.ஈ.டி. விளக்கு, போன் சார்ஜர். இவை திரையில் கிடையாக நீண்ட கோடாகத் தெரியும். வௌவாலின் கத்தல் சரிந்து விழும் சிறு கீறல்கள்.

கீழே விழுந்து கிடக்கும் வௌவாலைத் தொடவே கூடாது. விசர்நாய்க்கடி வைரசின் குடும்பத்தைச் சேர்ந்த கன்னொருவ வௌவால் லிசாவைரசு இலங்கைப் பழந்தின்னி வௌவால்களிலிருந்துதான் அடையாளம் காணப்பட்டது.

கிருலப்பனை மழை

வௌவால் எல்லோருக்கும் வாய்க்காது. நுளம்பு வாய்க்கும். ஆனால் இணையத்தில் சுற்றும் சீனிப் போத்தல் பொறியைச் செய்யுமுன் கணக்குப் பாருங்கள்.

செய்முறை: 2 லீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாகச் செருகுவது. உள்ளே 50 கிராம் சீனி, 200 மில்லிலீற்றர் வெதுவெதுப்பான நீர், 1 கிராம் மதுவம். வெளியே கறுப்புக் கடதாசி. நீர் 35 முதல் 40 பாகைக்குள் இருக்கவேண்டும். கொதிநீரில் சீனியைக் கரைத்த சூட்டோடு மதுவத்தைப் போட்டால் அது செத்துப்போகும். பாதிப் பொறிகள் வேலை செய்யாததற்குக் காரணம் இதுவே.

சரியாகச் செய்தாலும், 50 கிராம் சீனி முழுதும் நொதித்தால் வருவது சுமார் 14.5 லீற்றர் காபனீரொட்சைட்டு. இரண்டு நாளில் வந்தால் சராசரியாக நிமிடத்துக்கு 5 மில்லிலீற்றர். சும்மா இருக்கும் ஒரு பெரியவர் வெளிவிடுவது நிமிடத்துக்கு 200 அளவில். அறையில் ஆள் இருந்தால் நுளம்பு போத்தலைப் பொருட்படுத்தாது. ஆளில்லாத அறையில், மதுவம் போட்டதும் போடாததுமாக இரண்டு போத்தலை வைத்து எண்ணினால்தான் அது பரிசோதனை. ஏழு நாளுக்குள் கொட்டிக் கழுவவேண்டும். மறந்த போத்தலில் மழைநீர் சேர்ந்தால் அதுவே டெங்கு நுளம்பின் தொட்டில்.

புலன்களைப் பொறுத்தவரை டெங்கு நுளம்பின் அழகு அது திறக்கும் ஒழுங்கில் இருக்கிறது. வாய்க்குப் பக்கத்து உணர்கொம்பில் காபனீரொட்சைட்டு பட்டால்தான் கண் வேலையைத் தொடங்குகிறது. 2022இல் வெளிவந்த ஆய்வில், அந்த வாயு பட்டபின் சிவப்பு, செம்மஞ்சள், கறுப்பு, சியன் நிறங்களை நாடிப் பறந்தது. பச்சை, நீலம், ஊதா, வெள்ளையைக் கவனிக்கவில்லை. தோல் வெப்பநிலையிலுள்ள பொருள் வீசும் அகச்சிவப்புக் கதிரை ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் வரை பயன்படுத்துகிறது என்று 2024இல் காட்டினார்கள். கடைசியாக ஈரமும் தோலின் இரசாயனங்களும்.

ஒரு புலன் இன்னொரு புலனின் கதவைத் திறக்கிறது. இதற்குள் அனுபவிப்பவர் ஒருவர் தேவையா? எனக்கென்றால் தேவையில்லை என்றுதான் படுகிறது.

தும்பி

தமிழில் இந்தப் பேச்சு பழையது. தொல்காப்பியத்தின் மரபியல் என்னும் இயல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடுகை. நந்துக்கும் முரளுக்கும், அதாவது நத்தைக்கும் சிப்பிக்கும், அதனோடு நா. சிதலுக்கும் (கறையான்) எறும்புக்கும் மூக்கு. நண்டுக்கும் தும்பிக்கும் கண். மாவுக்கும் மாக்களுக்கும், அதாவது விலங்குக்கும் விலங்கொத்த மனிதருக்கும், செவி. மக்களுக்கு மனம்.

அறிவியலாக எடுத்தால் பிழைகள் தெளிவு. நத்தை வாசனையால் உணவு தேடுகிறது. அநேக எறும்புகளுக்குக் கண் உண்டு. நண்டு நில அதிர்வை நன்றாக உணர்கிறது. புலன்கள் ஏணிப்படியாக ஒன்றின்மேல் ஒன்று வந்தவை அல்ல. ஒவ்வொரு கால்வழியும் தனக்கு வேண்டியதைத் தானே வளர்த்தது. ஆனாலும் இரண்டு விடயத்துக்காக அந்தப் பகுதியை மதிக்கிறேன். மனத்தை வேறோர் உலகப் பொருளாக வைக்காமல், தொடுகையோடும் பார்வையோடும் ஒரே வரிசையில் எண்ணியிருக்கிறார். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும், ஆறறிவு உட்பட, அந்தக் கிளையில் பிறவும் உண்டு என்று கதவைத் திறந்தே விட்டிருக்கிறார்.

நிறம் பற்றிய பரிசோதனைக்குத் தேனீயைப் பரிந்துரைக்கிறேன். கார்ல் வொன் பிரிஷ் 1914இல் வெளியிட்ட முறை இன்றும் அப்படியே செய்யத்தக்கது. பதினாறு சதுர அட்டை, நாலுக்கு நாலாக: பதினைந்து வெவ்வேறு சாம்பல் நிறம், ஒன்று நீலம். ஒவ்வொன்றின் மேலும் சிறு கண்ணாடிக் கிண்ணம். நீலத்தில் மட்டும் சீனியும் நீரும் நிறையில் சமமான கரைசல், மற்றவற்றில் வெறும் நீர். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை நீலத்தின் இடத்தை மாற்றாவிட்டால் தேனீ நிறத்தை விட்டு இடத்தைப் படித்துவிடும். இரண்டு மணி நேரம் பழக்கியபின் அட்டை, கிண்ணம் எல்லாவற்றையும் புதிதாக மாற்றி, சீனியே இல்லாமல் ஐந்து நிமிடம் எத்தனை தேனீ எங்கே இறங்குகிறது என்று எண்ணுங்கள். வெறும் வாய்ப்பால் நீலத்தில் இறங்குவது பதினாறில் ஒன்று. 32 இறக்கத்தில் 2தான். சாம்பலில் ஒன்றாவது நீலத்தின் ஒளிர்வுக்குச் சமமாக இருக்கும் என்பதால், நிறம் தெரியாத கண் இந்தச் சோதனையில் குழம்பியே தீரும்.

கிண்ணத்தை மாற்றாமல் விடுவதே பெரிய தவறு. வந்த தேனீ தன் வாசனையை விட்டுப்போகும். அடுத்தது அதைப் பிடித்து வரும். மற்றத் தவறு கடதாசி. பளீரென்ற வெள்ளைக் கடதாசியில் ஒளிர்வூட்டி கலந்திருப்பதால் அது புறஊதாவை உறிஞ்சி நீலமாக ஒளிரும். நமக்குச் சாம்பலாகத் தெரிவது தேனீக்கு நிறமாகிவிடும். ஐரோப்பியத் தேனீயின் கண்ணிலுள்ள மூன்று வகை ஒளிவாங்கிகள் கூடுதலாக உணரும் அலைநீளங்கள் 344, 436, 544 நனோமீற்றர்; முதலாவது புறஊதா. புறஊதா ரோர்ச் அடித்துப் பார்த்து, மினுங்கும் கடதாசியை ஒதுக்குங்கள். மலைத்தேனீக் கூடு தெரியும் இடத்தில் இதைச் செய்யவே வேண்டாம்.

நரம்புமுனை

> இதற்குள் அனுபவிப்பவர் ஒருவர் தேவையா?

மழை, இந்தக் கேள்விக்கு மனிதரிலேயே ஒரு பிடி இருக்கிறது. 1974இல் உளவியலாளர் வைஸ்கிரான்ஸும் கூட்டாளிகளும் டி.பி. என்ற நோயாளியைப் பற்றி எழுதினார்கள். மூளையின் பின்பகுதியில் ஒரு பக்கப் பார்வைப் புறணி (பார்வையைக் கையாளும் மேற்பட்டை) சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்டவர். இடப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை என்றார். "தெரியாவிட்டாலும் ஊகித்துச் சொல்லுங்கள்" என்று கேட்டபோது ஒளி இருந்த இடத்தைச் சுட்டினார். கோடு நிமிர்ந்ததா கிடையா என்று பெரும்பாலும் சரியாகச் சொன்னார். தான் சும்மா ஊகிப்பதாகவே நினைத்தார். இதைக் குருட்டுப் பார்வை என்கிறோம். 2008இல் இரு பக்கப் புறணியும் கெட்ட இன்னொருவர், சாமான்கள் இறைந்து கிடந்த நடைபாதையில் ஒன்றிலும் முட்டாமல் நடந்தார்.

ஆகவே உணர்தல், அதற்கேற்ப நடத்தல் இரண்டும் நனவில்லாமல் நடக்கும். நுளம்பு சரியான இடத்தில் இறங்குவதை நனவுக்குச் சான்றாக எடுக்கேலாது. அதில் உங்களோடு உடன்படுகிறேன்.

ஆனால் அதே நோயாளிகள் இன்னொன்றையும் காட்டுகிறார்கள். கேட்டால் ஊகிப்பார்கள், தாமாக அந்தத் தகவலை எடுத்துத் திட்டமிடமாட்டார்கள். தாகத்தோடு இருந்தாலும் குருட்டுப் பக்கத்திலுள்ள தண்ணீர்க் கிளாசை நோக்கித் தாமாகக் கை நீட்டுவதில்லை. அப்படியானால் விலங்கில் தேடவேண்டியதும் அதைத்தான்: பழக்கிய பதில் அல்லாமல், பெற்ற தகவலைப் புதிய தேவைக்குத் தானாக எடுத்துப் பயன்படுத்துகிறதா?

அலைநீளம்

நல்ல அளவுகோல். அதோடு காகப் பரிசோதனையைச் சேர்க்கிறேன். கொழும்பில் காகம் இல்லாத சந்தி இல்லை; என்றாலும் இது ஜேர்மனியில், வேறொரு காக இனத்தில் செய்தது. டியூபிங்கனில் அந்திரயாஸ் நீடரின் குழு, 2020.

இரண்டு காகங்கள். திரையில் மிக மங்கலான ஒளி சிலவேளை வரும், சிலவேளை வராது. கண்டதா இல்லையா என்று காகம் தெரிவிக்கவேண்டும். நுட்பம் இங்கேதான்: எந்த அசைவு 'கண்டேன்', எது 'காணவில்லை' என்ற விதி, ஒளி போய்ச் சற்று நேரம் கழித்தே ஒரு நிறச் சைகையாக வரும். ஆகவே இடைப்பட்ட நேரத்தில் மூளையில் நடப்பதை 'அசைவுக்குத் தயாராகிறது' என்று தள்ளிவிட முடியாது. ஒளி கண்டும் காணாததுமான வாசல் மட்டத்தில் இருக்கும்போது, அதே பிரகாசத்துக்குக் காகம் ஒருமுறை 'கண்டேன்' என்கும், மறுமுறை 'காணவில்லை' என்கும். நரம்புக் கலங்களில் முதலில் எழுந்த தொழிற்பாடு பெரும்பாலும் ஒளியின் பிரகாசத்தைப் பின்பற்றியது. பிறகு எழுந்தது காகம் சொல்லப்போகும் விடையைப் பின்பற்றியது. தூண்டல் ஒன்று, அகத்தில் பதிந்தது வேறு என்று பிரித்துக் காட்டியது இதன் பெறுமதி. அந்தக் கலங்கள் இருந்தது நம்முடையதைப் போன்ற ஆறடுக்குப் புறணியிலும் அல்ல. பறவைக்கு அந்த அமைப்பே இல்லை.

முசுறு

தொட்டாற்சுருங்கியை யாரும் தொடவில்லையே. 2014இல் மொனிகா கக்லியானோவின் குழு, சட்டியோடு 15 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து 60 தடவை விழுத்தியபோது செடி இலை மூடுவதை நிறுத்தியது. ஒரு மாதமளவு கழித்தும் அந்தப் பழக்கம் நின்றது. நரம்பே இல்லாமல் நினைவு.

நரம்புமுனை

நினைவு என்ற சொல் சரி. நனவு என்றால் அவசரம். காம்படி மூட்டுக் கலங்களிலிருந்து பொற்றாசியமும் குளோரைட்டும் வெளியேற, நீரும் பின்னால் போகிறது. வீக்கம் இறங்கி இலை மடிகிறது. மின் சைகை செக்கனுக்குச் சில சென்ரிமீற்றர்தான் ஓடும். திரும்பத் திரும்ப விழுத்தும்போது மூடாமல் விடுவது சோர்வாலா, பழக்கத்தாலா என்று பிரிப்பதே சிரமம். செய்து பார்ப்பவர்கள் அறுபதாவது தடவைக்குப் பிறகு வேறு வகைத் தூண்டல், உதாரணமாகக் குலுக்கல், கொடுக்கவேண்டும். அதற்கு மூடினால் சோர்வல்ல. பட்டாணிச் செடி 'கற்றது' என்று அதே குழு 2016இல் சொன்னதை 2020இல் வேறொருவர் செய்தபோது கிடைக்கவில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

தும்பி

இழை திசைமாறுமுன் இதையும் தீர்ப்போம். 2004 ஆழிப்பேரலைக்கு முன் யால யானைகள் மேட்டுக்கு ஓடின, விலங்குகளுக்கு ஆறாம் புலன் உண்டு என்று யாராவது எழுதத்தான் போகிறார்கள். அந்த வேளையில் யாலவில் செய்மதிக் கழுத்துப்பட்டி பூட்டிய யானைகள் இருந்தன. அவற்றின் தரவை 2006இல் வெளியிட்டார்கள்: அசாதாரண ஓட்டம் எதுவும் இல்லை. யானைக்கு நமக்குக் கேட்காத தாழ்மீடிறன் ஒலி கேட்கும், நில அதிர்வும் தெரியும், இரண்டும் நிறுவப்பட்டவை. ஒரு புலன் இருப்பதாலேயே அது அன்று அந்தச் செய்தியைச் சொன்னது என்றாகாது.

களப்பு

சந்தையில் உயிரோடு கட்டி வைத்த நண்டை வாங்கிப்போய் நேரே கொதிநீரில் போடும் ஊர் இது. இந்த விவாதம் அதிகம் தேவைப்படும் உயிர் நண்டுதான் என்பது என் உறுதியான கருத்து.

காலிச் சிப்பியை வீடாக்கும் துறவி நண்டில் ஆய்வாளர்கள் எல்வுட்டும் அப்பலும் 2009இல் செய்தது நரம்புமுனை அண்ணாவின் அளவுகோலுக்குப் பொருந்தும். சிப்பிக்குள் சிறு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிடிக்காத வகைச் சிப்பியில் இருந்தவை சீக்கிரம் வெளியேறின. விருப்பமான சிப்பியில் இருந்தவை தாங்கிக்கொண்டு இருந்தன. பின்னர், எதிரியின் வாசனை நீரில் கலந்தபோதும் வெளியேறுவது குறைந்தது. வெறும் தெறிவினை என்றால் அதே அதிர்ச்சிக்கு அதே பதில் வந்திருக்கவேண்டும். இங்கே நோவும் வீட்டின் பெறுமதியும் ஒரே தராசில் ஏறுகின்றன.

கிருலப்பனை மழை

இரண்டு உணரிகளின் அளவை நிறுத்துப் பார்த்து முடிவெடுக்கும் சின்ன மின்சுற்றை யாரும் கட்டலாம், களப்பு. தராசு இருந்தால் நோவும் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

களப்பு

ஒரு சோதனையால் சொல்லேலாது. அதனால்தான் லண்டனில் ஜொனதன் பேர்ச் தலைமையில் 2021இல் வந்த அறிக்கை எட்டு அளவுகோல்களை வைத்தது. நோவாங்கிகள், தகவலை ஒன்றுசேர்க்கும் மூளைப் பகுதிகள், இரண்டுக்கும் இடையில் தொடர்பு, வலிமருந்தால் நடத்தை மாறுதல், துறவி நண்டைப் போல நோவையும் பெறுமதியையும் நிறுத்துப் பார்த்து விட்டுக்கொடுத்தல், காயத்தைப் பேணுதல், இணைத்துக் கற்றல், காயப்பட்டபோது வலிமருந்தைத் தானே நாடுதல். ஓடியொளியும் ஒரு சின்னச் சுற்று இவற்றில் ஒன்றைச் செய்யும். பலவற்றைச் சேர்த்துச் செய்யாது. நண்டுகளுக்கு ஐந்தில் வலுவான சான்று, எண்காலிக் கணவாய்க்கு ஏழில். அதன் விளைவாக 2022இல் பிரித்தானியாவின் விலங்கு உணர்திறன் சட்டத்தில் இரண்டு கூட்டமும் சேர்க்கப்பட்டன. நிச்சயம் வரும்வரை காத்திருந்தால் அதுவரை கொதிப்பது நண்டுதான்.

நரம்புமுனை

இதை ஏற்கிறேன். மனிதரிலும் நிச்சயத்துக்காகக் காத்திருந்து தவறினோம். மூளைக் காயத்தால் கட்டளைக்கு ஒரு அசைவும் காட்டாத 241 பேரைச் சோதித்த 2024 ஆய்வில், 60 பேரின் மூளை சொன்னதைக் கேட்டு வேலை செய்தது. வெளியே பதில் இல்லை என்பதால் உள்ளே ஆளில்லை என்று எடுத்தது பிழை.

களப்பு, வீட்டில் நண்டு சமைப்பவர்களுக்கு முறையை எழுதிவிடு தம்பி.

களப்பு

எழுதுகிறேன் அண்ணா. வாயகன்ற பாத்திரத்தில் மூன்று பங்கு நொறுக்கிய ஐஸ், ஒரு பங்கு உப்புநீர். லீற்றருக்கு 35 கிராம் உப்பு. நன்னீரைப் பாவிக்கவேண்டாம், உடலுக்குள் உப்புச் சமநிலை குலைந்து வேறு வேதனை. கலவை பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே இறங்கவேண்டும். ஐஸ் உருகினால் உப்பும் நீர்த்துப்போகும், இரண்டையும் கூட்டுங்கள். எங்கள் வெப்பக் கடல் நண்டு குறைந்தது 20 நிமிடம் முழுதாக அமிழ்ந்து இருக்கவேண்டும். மேலே மிதக்க விட்டால் பாதி உடல்தான் குளிரும்.

வெளியே எடுத்துக் கண்காம்பையும் வாய்ப்பகுதியையும் தொட்டுப் பாருங்கள். சிறிதும் அசைவு இருக்கக்கூடாது, கால்கள் தளர்ந்து தொங்கவேண்டும். அசைந்தால் திரும்ப உள்ளே. குளிர் மரக்கச் செய்கிறதா, அசைவை மட்டும் நிறுத்துகிறதா என்ற விவாதம் இன்னும் இருப்பதால் அதோடு நிற்கக்கூடாது. நண்டுக்கு இரண்டு நரம்பு மையம். நண்டை மல்லாத்தி வயிற்று மடலைத் தூக்கினால் சிறு குழி தெரியும். கூரான ஊசியை அதில் நிமிர்வாக ஓட்டின் மறுபக்கம் முட்டும்வரை இறக்குங்கள். உடனே முன்னால் கண்களுக்கு இடையிலுள்ள பள்ளத்திலும். இரண்டும் 10 செக்கனுக்குள் முடியவேண்டும். முன்பக்கத்தை மட்டும் குத்தினால் பெரிய மையம் அப்படியே இருக்கும். அநேகர் விடும் பிழை அது. அதற்குப் பிறகுதான் கால் கழற்றுவதும் கழுவுவதும்.